ஒரு பழைய பாடத்துக்குத் திருத்தம்: தலைக்கவசமும் ஸ்டீம்போட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். 45 நிமிடம் உட்கார வைத்தே பழகிவிட்டேன், இனி மாறாது. மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு படியுங்கள். பசியோடு படித்தால் என்னைத் திட்டுவீர்கள்.

இது ஒரு திருத்தம். 1984 முதல் 2016 வரை என்னிடம் ஏழாம் வகுப்பில் வரலாறு படித்த எல்லோருக்குமானது.

மகள் வீட்டுக்கு சிங்கப்பூர் வந்து இரண்டு மாதம் ஆகிறது. சீனப் புத்தாண்டு முடிந்த இரண்டாவது வாரம், 1993இல் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன் ஒருவன், ‘டீச்சர், நீங்க எங்க வீட்டுக்குக் கண்டிப்பா வரணும்’ என்று தெம்பனிஸில் உள்ள அவன் வீட்டுக்கு அழைத்தான். (அவன் இவன் என்று எழுதுவதற்கு அவன் மனைவி மன்னிக்கட்டும். தலை பாதி நரைத்துவிட்டது, ஆனால் எனக்கு இன்னும் மூன்றாவது பெஞ்சுதான்.) போனால், சாப்பாடு அவன் வீட்டில் இல்லை, எதிர்வீட்டில். அங்கே ஒரு சீனப் பாட்டி, வயது 80ஐத் தாண்டியிருக்கும். புத்தாண்டுக்கு முதல் நாள் ராத்திரி தன் பிள்ளைகளுக்கெல்லாம் ஸ்டீம்போட் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக இன்னொரு நாள் வைப்பது அவர் வழக்கமாம். இவன் குடும்பம் பதினோரு வருஷமாக அந்த மேசையில் உட்காருகிறது.

ஸ்டீம்போட் என்றால் தெரியாதவர்களுக்கு: மேசை நடுவில் ஒரு சட்டி, அடியில் அடுப்பு. சட்டியில் கொதிக்கிற சாறு. சுற்றிலும் தட்டுத் தட்டாகப் பச்சைக் காய், கீரை, காளான், டோஃபு, மீன் துண்டு, இறால், மீன் உருண்டை, தாள் மாதிரி சீவிய கோழிக்கறி. சமைத்துக் கொண்டுவந்து வைப்பவர் என்று ஒருவர் கிடையாது. அவரவர் வேண்டியதைப் போட்டு, வெந்ததும் எடுத்து, மிளகாய்ச் சாற்றில் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். சீன மொழியில் ஹுவோகுவோ, அதாவது நெருப்புச் சட்டி. ஆங்கிலத்தில் ஹாட் பாட். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும்தான் ஸ்டீம்போட் என்கிறார்கள்.

அன்றைக்கு சனிக்கிழமை. என் மகள் சனிக்கிழமை சைவம். பாட்டிக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. சட்டியின் நடுவே வளைவாக ஒரு தகடு. ஒரு பக்கம் கோழி எலும்புச் சாறு, மறுபக்கம் முள்ளங்கியும் காளானும் போட்ட சைவச் சாறு. கரண்டியும் இரண்டு. பாட்டி குவான்யின் அம்மனைக் கும்பிடுகிறவர், அதனால் மாட்டிறைச்சி அந்த வீட்டுக்குள் வருவதே இல்லை. இந்த இரட்டைச் சட்டிக்கு சீனர்கள் வைத்திருக்கும் பெயர் யுவான்யாங் சட்டி. யுவான்யாங் என்பது ஜோடி பிரியாத ஒரு வாத்து. நம் சங்கப் பாட்டில் மகன்றிலும் அன்றிலும் வருமே, அந்த மாதிரி. தமிழாசிரியர் யாராவது படித்தால் மகிழட்டும்.

சாப்பாட்டுக்கு நடுவே என் மாணவன் தன் மகளிடம் பெருமையாக ஆரம்பித்தான். ‘இது எப்படி வந்தது தெரியுமா? செங்கிஸ்கான் படைக்காரங்க இரும்புத் தொப்பியைக் கழற்றி, கவுத்து வச்சு, பனியை உருக்கி, ஆட்டுக்கறியைச் சீவிப் போட்டு வேக வச்சாங்க. அதுதான் இது. எங்க டீச்சர் போர்டுல படமே போட்டுக் காட்டினாங்க.’

ஆமாம், காட்டினேன். டெல்லி சுல்தான்கள் பாடத்தில் அலாவுதீன் கில்ஜி காலத்து மங்கோலியப் படையெடுப்பு வரும் இடத்தில், மத்தியானப் பீரியடில் தூங்குகிற பிள்ளைகளை எழுப்ப நான் வைத்திருந்த கதை அது. ஏதோ ஒரு பத்திரிகைத் துணுக்கில் படித்தது. கவிழ்த்த தலைக்கவசம், அடியில் மூன்று கல், மேலே ஆவி. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பானிபட் ஆண்டு மறந்தாலும் அது மறக்காது.

பாட்டியின் பேரன் கல்லூரியில் வரலாறு படிக்கிறான். மரியாதையான பையன். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, ‘ஆன்ட்டி, மங்கோலியர் வருவதற்கு முன்பே தெற்கில் இதைச் சாப்பிட்டதாக ஒருவர் எழுதி வைத்திருக்கிறாரே’ என்றான். மேசையில் யாரும் பேசவில்லை. என் மாணவன் என்னைப் பார்த்தான். நான் டோஃபுவைப் பார்த்தேன்.

சாப்பாடு நன்றாகவே இறங்கியது. ராத்திரி தூக்கம்தான் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம், வருஷத்துக்கு இரண்டு மூன்று பிரிவு. எத்தனை பிள்ளைகள் எத்தனை மேசைகளில் ‘எங்க டீச்சர் சொன்னாங்க’ என்று சொல்லியிருப்பார்கள்! மறுநாளே நூலகத்துக்குப் போனேன். பேரக் குழந்தை தூங்குகிற நேரமெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

தலைக்கவசக் கதைக்கு ஒரு ராஜவம்சப் பதிப்பும் உண்டு. குப்ளாய் கான் போர்க்களத்தில் பசியோடு இருக்கிறான். ஆட்டுக்கறி வேகவில்லை, எதிரி நெருங்கிவிட்டான். சமையல்காரன் அவசரத்தில் கறியை மெல்லிசாகச் சீவிக் கொதிநீரில் முக்கிக் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டுப் போன குப்ளாய் வெற்றியோடு திரும்பிவந்து அந்த உணவுக்குப் பெயர் வைக்கிறான். கதை நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்து ஆதாரம்தான் கிடையாது. மங்கோலிய அரசவைக்கு 1330இல் ஹு சிஹுய் என்ற உணவு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒரு பெரிய சமையல் நூலே இருக்கிறது, யின்ஷான் ஜெங்யாவோ என்று பெயர். அதில் ஆட்டுக்கறி சூப்புக்குப் பஞ்சமே இல்லை. தொடைக்கறியை வெட்டிப் போட்டு நிதானமாகக் கொதிக்கவைக்கிற சூப்புகள். அவசரப்பட்ட சமையல்காரனும் இல்லை, தலைக்கவசமும் இல்லை.

பேரன் சொன்ன ‘எழுதி வைத்தவர்’ பெயர் லின் ஹோங். 13ஆம் நூற்றாண்டுக்காரர், தெற்கு சோங் அரசின் காலம். அவர் எழுதிய ஷான்ஜியா சிங்கோங் என்ற நூல், மலைவாசிகளின் எளிய சாப்பாட்டைப் பற்றியது. அதில் ஒரு குறிப்பு. ஃபூஜியன் பகுதியில் வூயி என்று ஒரு மலை. இன்றைக்குத் தேயிலைக்குப் பெயர்போன இடம். அங்கே தனித்து வாழ்ந்த ஒரு பெரியவரைப் பார்க்க லின் ஹோங் போகிறார். பனி கொட்டுகிறது. வழியில் ஒரு முயல் கிடைக்கிறது, ஆனால் சமைக்க ஆள் இல்லை. அந்தப் பெரியவர் சொல்கிறார்: மலையில் நாங்கள் செய்வது இவ்வளவுதான். கறியை மெல்லிசாகச் சீவி, மது, சோயாக் குழம்பு, சீன மிளகு போட்டுப் பிசறி வைப்போம். மேசைமேல் சின்ன அடுப்பை வைத்து, பாத்திரத்தில் பாதித் தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும், ஆளுக்கு ஒரு ஜோடிக் குச்சி. அவரவரே எடுத்து, நீரில் அலசி, வெந்ததும் வேண்டிய சாற்றில் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான்.

பிள்ளைகளே, பாட்டி வீட்டில் நான் பார்த்ததில் இதில் எது இல்லை சொல்லுங்கள்? மேசைமேல் அடுப்பு, மெல்லிய துண்டு, அவரவர் கையால் சமையல், தொட்டுக்கொள்ளச் சாறு. மின்சாரம் ஒன்றுதான் புதுசு.

லின் ஹோங்குக்கு அந்தச் சாப்பாடு பிடித்துப்போய்விட்டது. சமையல் எளிது என்பதோடு, எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்ந்துகொண்டே சாப்பிடுவதையும் சொல்லி மகிழ்கிறார். ஐந்தாறு வருஷம் கழித்துத் தலைநகருக்குப் போனபோது ஒரு நண்பர் வீட்டில் அதே உணவைப் பார்க்கிறார். மலையும் பனியும் நினைவுக்கு வந்து கவிதை எழுதுகிறார். கொதிநீரில் சிவந்து புரளும் கறித்துண்டு அவருக்கு அந்திச் செவ்வானமாகத் தெரிகிறது. அந்த உணவின் பெயரும் அதுதான்: செவ்வானத்தைக் கலக்குதல் என்று பொருள். முயல்தான் வேண்டும் என்பதில்லை, பன்றியும் ஆடும்கூடச் செய்யலாம் என்று கடைசியில் ஒரு குறிப்பு வேறு. நல்ல வாத்தியார்.

இப்போது காலக் கணக்கைப் பாருங்கள். அவர் சொல்லும் தலைநகர் லின்ஆன், இன்றைய ஹாங்ஜோ. மார்க்கோ போலோ வியந்து வியந்து எழுதிய நகரம். (பாண்டிய நாட்டுக் காயலுக்கும் வந்தாரே, அதே மார்க்கோ போலோ.) அந்த நகரம் குப்ளாயின் படையிடம் விழுந்தது 1276இல். லின் ஹோங் அங்கே விருந்து சாப்பிட்டபோது அது சோங் அரசின் தலைநகர். அதாவது மங்கோலியர் இன்னும் பிடிக்காத ஊரில், அவர்களோடு போரில் இருந்த நாட்டில், ஒரு வீட்டு மேசையில் இந்தச் சட்டி ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களோ இன்னும் தெற்கே இருந்த மலைக்காரர்கள். மங்கோலியப் படைவீரன் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்க வழியில்லை.

லின் ஹோங்தான் ஆரம்பமா என்றால் அதுவும் இல்லை. சட்டி அவரைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. ஜியாங்சு மாநிலத்தில் தாயுன்ஷான் என்ற குன்றில், லியு ஃபெய் என்ற ஹான் வம்சத்துச் சிற்றரசரின் கல்லறையைத் தோண்டினார்கள். அவர் இறந்தது கிமு 128இல். உள்ளே ஐந்து அறையாகத் தடுத்த ஒரு வெண்கலப் பாத்திரம். ஐந்து வேறு சாறு ஊற்றலாம். பாட்டி வீட்டுச் சட்டியில் இரண்டுதான்! நான்சாங் நகருக்குப் பக்கத்தில் 2011இல் கண்டுபிடித்த லியு ஹெ கல்லறையில் இன்னொன்று: அடியில் கரி வைக்கும் தட்டோடு சேர்ந்த வெண்கலச் சட்டி. கரி எரிந்த தடமும், உள்ளே செஸ்ட்நட் கொட்டையின் மிச்சமும் இருந்தன. இந்த லியு ஹெ பாவம், கிமு 74இல் பேரரசராக 27 நாள் இருந்தார். நடத்தை சரியில்லை என்று இறக்கிவிட்டார்கள். கிமு 59இல் இறந்தார். 27 நாள் சிம்மாசனத்தை யாரும் நினைப்பதில்லை, அவர் சட்டியைப் பார்க்கக் கூட்டம் வருகிறது.

ஆனால் இங்கே நான் ஒரு தப்பிலிருந்து இன்னொரு தப்புக்குத் தாவக்கூடாது. அடுப்போடு சேர்ந்த பாத்திரம் கிடைத்தால், அதைச் சுற்றி உட்கார்ந்து அவரவர் தோய்த்துச் சாப்பிட்டார்கள் என்று ஆகிவிடாது. சாப்பாடு ஆறாமல் இருக்க மட்டும்கூட வைத்திருக்கலாம். பாத்திரத்தின் வரலாறு ஒன்று, அதில் சாப்பிடும் முறையின் வரலாறு இன்னொன்று. இட்லித் தட்டு வேறு, இட்லி வேறு என்பது போல. முறைக்குத் தெளிவான சாட்சி என்றால், நான் படித்தவரையில் லின் ஹோங் கையில்தான் இருக்கிறது.

அரண்மனைக்கு இது பெரிய அளவில் வந்தது சிங் வம்சத்தில். சியான்லோங் பேரரசருக்கு இந்தச் சட்டி மேல் தனிப் பிரியம். பேரப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு செய்தி: 1796இல், பட்டத்தை மகனுக்குக் கொடுத்துவிட்ட அந்த வருஷத் தொடக்கத்தில், அவர் முதியவர்களுக்கென்று ஒரு பெருவிருந்து வைத்தார். அப்போது அவருக்கே 80க்கு மேல். பெய்ஜிங்கின் கடுங்குளிர், ஆயிரக்கணக்கில் முதியவர்கள். சாப்பாடு ஆறிவிட்டால் வம்பு. மேசைக்கு மேசை நெருப்புச் சட்டி. அதிலும் வரிசை உண்டு. முதல் தர மேசைக்கு வெள்ளியிலும் தகரத்திலும், அடுத்த தரத்துக்குச் செம்பில். கொதிக்கிற தண்ணீருக்குமா பதவி என்று கேட்காதீர்கள். நம் கல்யாண வீட்டில் முதல் பந்தியில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்தவர்கள்தானே நாம்.

அந்தக் காலத்திலேயே இதைப் பிடிக்காதவரும் ஒருவர் இருந்தார். யுவான் மெய், கவிஞர், உணவு ரசிகர், பதவியை விட்டு வந்து தோட்டத்தில் ஓய்வாக இருந்தவர். 1792இல் வந்த அவருடைய சமையல் நூலில் செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியல். அதில் நெருப்புச் சட்டிக்கும் இடம் உண்டு. விருந்தினர் முன்னால் கொதித்துக்கொண்டே சத்தம் போடுவதே அவருக்கு எரிச்சல். அதைவிட, ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று ஒரு தீ அளவும் நேரமும் உண்டு, எல்லாவற்றையும் ஒரே கொதியில் தள்ளினால் ருசி என்ன ஆகும் என்று கேட்கிறார். மனுஷர் சொன்னதில் பாதி நியாயம். பாட்டி வீட்டில் நானே ஒரு இறாலை மறந்துவிட்டு, அது ரப்பராகி வெளியே வந்தது.

மங்கோலியர் பெயர் ஏன் இதில் ஒட்டிக்கொண்டது என்பதற்கு எனக்கு ஓர் ஊகம் உண்டு. வடக்கே பெய்ஜிங்கில் இந்த உணவு என்றால் ஆட்டுக்கறிதான். நடுவில் கரிப் புகைபோக்கி வைத்த செம்புச் சட்டி, வெறும் தண்ணீர், எள்ளுச் சாந்து. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர்கள் ஹுய் முஸ்லிம்கள். டோங்லாய்ஷுன் என்ற புகழ்பெற்ற கடையை ஒரு ஹுய் குடும்பம் 1903இல் சந்தையில் சிறு கடையாக ஆரம்பித்து, 1914இல் ஆட்டுக்கறிச் சட்டிக்கு வந்தது. கறியைக் கையாலேயே அடியில் இருக்கும் தட்டின் பூ தெரிகிற அளவுக்குச் சீவுவதுதான் அவர்கள் பெருமை. ஆடு வருவது உள் மங்கோலியாவின் சிலிங்கோல் புல்வெளியிலிருந்து. ஆடு மங்கோலியாவிலிருந்து வந்தால், கூடவே கானையும் சேர்த்து அழைத்து வருவது கதை சொல்கிறவர்களுக்குச் சுலபம். கடைக்கும் விளம்பரம்.

இனி நான் உண்மையாகவே வெட்கப்பட்ட இடத்துக்கு வருகிறேன்.

இன்றைக்கு உலகமெல்லாம் ‘ஹாட் பாட்’ என்று வரிசையில் நின்று சாப்பிடுகிறார்களே, சிவப்பு எண்ணெய் மிதக்கிற, நாக்கு மரத்துப்போகிற வகை, அது சோங்சிங் நகரத்துச் சரக்கு. யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கூடுமிடம். மோட்டார் படகு வருவதற்கு முன் ஆற்றை எதிர்த்துப் படகு ஏறவேண்டும் என்றால், கரையில் நின்று கயிற்றைத் தோளில் போட்டு மனிதர்கள்தான் இழுக்க வேண்டும். கல்லிலும் சேற்றிலும் குனிந்து குனிந்து. அவர்களும் சுமைக்கூலிகளும்தான் அந்த ஆற்றங்கரையின் ஜனங்கள்.

அங்கே மாடு அறுப்பவர்கள் நல்ல கறியை ஊருக்குள் விற்றுவிடுவார்கள். குடல், இரைப்பை, ரத்தம், இதெல்லாம் யாருக்கும் வேண்டாம். அடிமாட்டு விலை என்பார்களே, அது. இந்தக் கழிவுதான் ஆற்றங்கரைக்கு வந்தது. செங்டு நகரத்து நாவலாசிரியர் லி ஜியெரென் 1940களில் இதை எழுதி வைத்திருக்கிறார். அவர் கணக்கில் இது பிறந்தது சோங்சிங்குக்கு எதிர்க்கரையான ஜியாங்பெயில். காவடி போலத் தோளில் சுமந்து வருகிற வியாபாரி. ஒரு பக்கம் மண் அடுப்பு, அதன்மேல் கட்டம் கட்டமாகத் தடுத்த தகரத் தொட்டி, அதில் காரமும் உப்புமாகக் கொதிக்கிற சாறு. ஆற்றங்கரையிலும் பாலத்தடியிலும் உடம்பால் உழைத்துப் பிழைக்கிறவர்கள் அதைச் சுற்றி நிற்பார்கள். ஆளுக்கு ஒரு கட்டம். இரைப்பைத் துண்டை முக்கி முக்கிச் சாப்பிட்டுவிட்டு, எத்தனை துண்டு தின்றார்களோ அதற்குக் காசு. நகரத்துக்குள் ஒரு சின்னக் கடை இதை மேசைக்கு ஏற்றியது 1934இல்தான் என்கிறார். அப்புறம் ஜப்பானோடு போர். சோங்சிங் போர்க்காலத் தலைநகராகி நாடு முழுக்க இருந்து ஜனங்கள் வந்து குவிந்தார்கள். வந்தவர்கள் நாக்கில் அந்தக் காரம் ஒட்டிக்கொண்டது.

சமையலாகப் பார்த்தாலும் அவர்கள் செய்தது சாதாரண வேலை இல்லை. குடலுக்கு வாடை உண்டு. அதை அடக்க மிளகாயும், சிச்சுவான் மிளகும், புளிக்கவைத்த பீன்ஸ் சாந்தும். மேலே மாட்டுக் கொழுப்பு, சூட்டைப் பிடித்து வைக்கும். இரைப்பை அதிகம் வெந்தால் தோல் செருப்பு, வேகாவிட்டால் சவுக். அதனால் ஏழு முறை மேலே, எட்டு முறை கீழே என்று ஒரு கணக்கு, மொத்தம் பத்துப் பதினைந்து விநாடி. யுவான் மெய் உயிரோடு இருந்திருந்தால் அவர் கேள்விக்கு அங்கே பதில் கிடைத்திருக்கும். ஒன்பது கட்டத் தொட்டியில் நடுக் கட்டம் அதிகமாகக் கொதிக்கும், அது இரைப்பைக்கு. மூலைக் கட்டங்கள் மெதுவாகக் கொதிக்கும், அவை நேரம் எடுக்கிறவற்றுக்கு. படிக்காத ஜனங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித் தீ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை. அது சீனாவுக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. சீனாவில் அதைப் பற்றி முதலில் எழுதியது 1591இல், ஹாங்ஜோக்காரரான காவோ லியன். பார்க்க அழகான செடி என்றுதான் எழுதினார்! லின் ஹோங் விருந்து சாப்பிட்ட அதே ஊர். ஆகவே லின் ஹோங்கின் சட்டியில் மிளகாய் கிடையாது. ஹான் சிற்றரசர் சட்டியிலும் கிடையாது.

கட்டங்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால் அடி விழும். பாட்டி வீட்டு மேசையில், அவரவர் குச்சி ஒரே சட்டிக்குள் போவதைப் பார்த்ததும் எனக்குக் கை தயங்கியது. எச்சில் என்ற சொல் மனசில் வந்து நின்றது. கொதிநீரில் கிருமி இருக்காது என்று பாடம் நடத்தியவள்தான் நானும், இருந்தாலும் தயங்கியது. ஆற்றங்கரையில் முன்பின் தெரியாத ஒன்பது பேர் ஒரே தொட்டியைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். அந்தத் தடுப்பு மேலே மட்டும்தான். அடியில் சாறு எல்லாக் கட்டத்துக்கும் ஒன்றுதான், இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பாட்டி என் தயக்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பொதுக் கரண்டியை என் பக்கம் நகர்த்தினார். இரண்டாவது முறை நான் குச்சியாலேயே எடுத்தேன். பிடிக்கத் தெரியாமல் மீன் உருண்டை மூன்று தடவை விழுந்தது, அது வேறு.

நான் வெட்கப்பட்டது இதற்காக. முயல்கறியை இப்படிச் செய்யச் சொன்னவர்கள் மலைக்காரர்கள். குடலை இப்படிச் செய்தவர்கள் கயிறு இழுத்தவர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. பெயர் தெரியாத இடத்தில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு ராஜா பெயரையோ படைத்தலைவன் பெயரையோ கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். வருஷா வருஷம் அதைக் கரும்பலகையில் படம் போட்டு வைத்தவள் நான்.

நம் ஊரிலும் இதுதானே. தஞ்சாவூர் மராத்திய அரண்மனையில் சிவாஜியின் மகன் சம்பாஜி வந்தபோது, கோகம் இல்லாமல் புளி போட்டுச் செய்ததால் அவர் பெயரில் சாம்பார் ஆயிற்று என்று ஒரு கதை. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்த நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். அந்தக் காலத்து ஆவணம் ஒன்றைக் காட்டு என்று யாராவது கேட்டால் என் கையில் எதுவும் இல்லை. துவரம்பருப்பில் புளியைக் கரைத்து ஊற்ற ஓர் இளவரசன் வரும்வரை நம் பாட்டிமார்கள் காத்திருந்தார்களா?

மற்ற நாட்டுக் கதைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஷாபு ஷாபு என்று ஒன்று. துண்டை நீரில் அலசும் சத்தம்தான் பெயர். ஒசாகாவில் சூஹிரோ என்ற கடை 1952இல் அந்தப் பெயரைக் கொடுத்தது, வழி பெய்ஜிங்கின் ஆட்டுக்கறிச் சட்டியிலிருந்து. கொரியாவில் புகைபோக்கி வைத்த சட்டிக்கு சின்சொல்லோ என்று பெயர். நம் நாட்டிலேயே கொல்கத்தாவில் வாழும் சீனர்கள் அதே புகைபோக்கிச் சட்டியில் கொடுப்பதற்கு ‘சிம்னி சூப்’ என்று பெயர். கொல்கத்தா போகிறவர்கள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு, பாட்டி சொல்லிக் கொடுத்த வரிசை. முதலில் முள்ளங்கி, சோளம், காளான். இவை சாற்றுக்கு ருசி ஏற்றும். அப்புறம் மீன் உருண்டை, மேலே மிதந்தால் வெந்தது. இறால் சுருண்டு சிவந்ததும் உடனே எடுக்க வேண்டும் (பார்க்க: யுவான் மெய்). கோழித் துண்டை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள், நன்றாக வெள்ளையாகட்டும். பச்சைக் கறியைத் தொட்ட குச்சியால் சாப்பிடக் கூடாது. கீரை கண்ணிமைக்கும் நேரம். நூடுல்ஸ் கடைசி. எல்லாம் முடிந்த பிறகு சட்டியில் மிஞ்சுகிற சாறு இருக்கிறதே, பாட்டி அதைத்தான் முதலில் எனக்கு ஊற்றிக் கொடுத்தார். இரண்டு மணி நேரமாகப் பத்துப் பேர் போட்ட அத்தனையும் அதற்குள் இருந்தது.

நேற்று மாணவனுக்குப் போன் செய்து இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, ‘தொப்பி இல்லையா டீச்சர்?’ என்றான், பன்னிரண்டு வயசுக் குரலில். இல்லைப்பா என்றேன். ‘பொண்ணு ஸ்கூல்ல போய் சொல்லிட்டாளே’ என்றான். அவளிடம் போனைக் கொடு என்று வாங்கி, முயல் கதையையும் ஆற்றங்கரைக் கதையையும் நானே சொன்னேன். ஒன்பது கட்டத்தில் நடுக் கட்டம் யாருக்குக் கிடைக்கும், அதற்குச் சண்டை வராதா என்று கேட்டாள். அவள் அப்பாவைவிடக் கெட்டிக்காரி.

உங்களிடம் பழைய வரலாற்று நோட்டு இருந்தால் அந்தப் படத்தை அடித்துவிடுங்கள். பக்கத்தில் லின் ஹோங் என்று எழுதிக்கொள்ளுங்கள், அடியில் ஆற்றங்கரைக்கு ஒரு வரி விடுங்கள்.

வருகிற சனிக்கிழமை பாட்டியும் பேரனும் என் மகள் வீட்டுக்கு வருகிறார்கள். சாம்பார் வைக்கிறேன். சம்பாஜி கதையைச் சொல்வதாக இல்லை.